குருதி தந்தோருக்கும், அதன் கணக்கைப் புரியவைத்தவருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

என்பு மச்சை (எலும்பின் உள்ளே குருதிக் கலங்களை ஆக்கும் மென்பகுதி) செயலிழக்கும் 'அப்பிளாஸ்டிக் அனீமியா' என்ற நோயால் வாடிய எங்கள் தங்கை வீடு வந்து சேர்ந்துவிட்டாள். நாங்கள் பட்டதை இதை வாசிப்பவர்களில் பலர் உடன் நின்றே கண்டவர்கள் என்பதால், அதை மீண்டும் எழுதப்போவதில்லை. குருதி ஏற்றாமலே அவளது ஈமோகுளோபின் சில வாரங்களாக இறங்காமல் நிற்கிறது என்ற செய்தியை மட்டும் முதலில் அறியத் தருகிறேன்.

இந்த மடலில் பெரும்பங்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இரத்த வங்கியில் பணிபுரியும் ஓர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கு உரியது. பெயரைக் குறிப்பிடுவதை அவர் விரும்பமாட்டார். தங்கைக்குக் குருதி கொடுக்க வந்த தம்பியிடம், உடன்பிறந்தவர்கள் இப்போது கொடுக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டபோது, "கூடப் பிறந்தவன்ட இரத்தம் ஆகாதெண்டா ஊரான்ட இரத்தம் எப்படி ஆகும்?" என்று அவன் சினந்தான். கடமை முடிந்து வெளியேறிக்கொண்டிருந்த அவர், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே எங்கள் வாங்கில் வந்து அமர்ந்தார். பின்னொருநாள் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால் உடன்பிறந்தவரே முதல் தெரிவு என்பதையும், அவரது குருதியை முன்கூட்டியே ஏற்றினால் நோயாளியின் உடல் அதற்கெதிராகப் பழகி, பிற்பாடு அவரது மச்சையை ஏற்க மறுக்கக்கூடும் என்பதையும் அவர் விளக்கியபோது தம்பியின் கோபம் அடங்கியது.

அதன்பின் அம்மா, எவரிடமும் கேட்கத் துணியாதிருந்த கேள்வியை அவரிடம் கேட்டார்: "ஏத்துற இரத்தமெல்லாம் எங்க மனே போகுது?" அது எங்கும் ஒழுகிப் போகவில்லை, வயது முடிந்து அழிகிறது என்றார் அவர். செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். குருதியை உறையவைக்கும் சிறுதட்டு பத்து நாட்களுக்கு மேல் தாங்காது. தொற்றை எதிர்க்கும் வெண்குழியங்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாள்கூட ஆயுள் இல்லை. அழிபவற்றை என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்கள் ஓயாமல் ஈடுசெய்ய வேண்டும். தங்கையின் நோயெதிர்ப்புக் கலங்களே அந்த மூலக்கலங்களைத் தாக்கியதால், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மாதிரியில் குருதியாக்கும் கலங்கள் அருகி, கொழுப்பே நிறைந்திருந்தது. "கடையில அரிசி வாங்கிச் சாப்பிடலாம் அம்மா, ஆனா விதைநெல்லு போனா வயல் விளையாது" என்று அவர் சொன்னதை, வயற்காரர் வீட்டில் பிறந்த அம்மாவுக்கு வேறு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இது புற்றுநோயும் அல்ல, தொற்றுநோயும் அல்ல என்பதை அதன்பின் அம்மாவே அயலவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.

புறப்படுமுன், கண்ணாடிக் கதவின் வழியே, ஓயாமல் அசைந்துகொண்டிருந்த ஒரு தட்டில் மஞ்சள் நிறப் பைகளை அவர் காட்டினார். அவை சிறுதட்டுக்கள். செங்குழியங்களைக் குளிரூட்டியில் வாரக்கணக்கில் வைக்கலாம். இவற்றையோ 20 முதல் 24 பாகை செல்சியசில், அசைத்தபடி, ஐந்து நாட்கள் வரையே வைக்க முடியும். ஆகவே இதைச் சேமித்து வைத்துக் காப்பாற்ற இயலாது, ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார்.

அப்படி வந்துகொண்டே இருந்தவர்கள் நீங்கள். நோன்பு துறந்த கையோடு காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்த இளைஞர்கள், களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் ஆள் திரட்டிய நண்பர்கள், தமிழில் ஒரு சொல்லும் அறியாமல் சிரித்தபடியே கை நீட்டிய சிங்களச் சகோதரர்கள், இரவில் வாடகை வாங்காத முச்சக்கரவண்டி ஓட்டுநர், விடுதித் தாதியர், வைத்தியர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் சுமந்து வந்த உறவினர்களுக்கும் நன்றி; அவளுக்குக் குறைந்திருந்தது இரும்புச்சத்து அல்ல, தொடர்ந்து குருதி ஏற்றியதில் அது மிகையாகவே தேங்கியிருந்தது என்பதால், அவற்றை நாங்களே உண்டு தீர்த்தோம்.

உடன்பிறந்த ஒருவரின் இழையம் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்கிறார்கள். எங்களில் எவருக்கும் அது வாய்க்கவில்லை. ஆகவே கொழும்பில் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து ஏற்றப்பட்டது. பலன் தெரிய மாதங்கள் எடுக்கும் அந்த மருந்து வேலை செய்யும்வரை அவளை உயிருடன் வைத்திருந்தது உங்கள் குருதியே. தானம் செய்வோருக்கு விதிக்கப்பட்ட நான்கு மாத இடைவெளி தவறாமல், முகம் அறியாத எவருக்கோ இனி நானும் தம்பியும் குருதி கொடுப்போம்.

நோயெதிர்ப்பைத் தணிக்கும் சைக்குளோஸ்போரின் மாத்திரை இன்னும் தொடர்கிறது, வெண்குழியங்கள் இன்னும் குறைவு. ஆகையால் அவளைக் காண விரும்பும் அன்பர்கள், இருமலோ தடிமனோ இருந்தால் வருகையைப் பிற்போடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
நன்றியுள்ள மூத்த சகோதரி,
ஆரையம்பதி.