இரண்டு வரியில் முடிந்துவிடுவதல்ல ஆங்கிலிக்கன் இறையியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வந்த சீர்திருத்தத் திருச்சபைகள் பற்றிய கட்டுரையில் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபைக்குக் கிடைத்தவை இரண்டே வரிகள். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி மணமுறிவு கேட்டார், போப் மறுத்தார், அரசர் தனிச் சபை கண்டார். மற்றபடி அது கத்தோலிக்கத்துக்கும் புராட்டஸ்டன்டுக்கும் இடைப்பட்ட ஒரு சமரசம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரிச் சங்கத்தின் வழிவந்த நாசரேத்தில் பிறந்து, உபதேசியாராக இருந்த தாத்தாவின் ஜெபப்புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

1534-இல் ஹென்றி ரோமாபுரியோடு உறவை முறித்தது உண்மை. ஆனால் அவர் கொள்கையை மாற்றவில்லை. 1539-இல் அவர் கொண்டுவந்த ஆறு பிரமாணங்களின்படி, திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பதை மறுத்தவருக்குத் தீயில் மரணம். ஆங்கிலிக்கன் இறையியல் என்று நாம் சொல்வது அவர் 1547-இல் இறந்த பிறகு, கேன்டர்பரி பேராயர் கிரான்மர் எழுதிய ஜெபங்களில் உருவானது. அந்தக் கிரான்மரும் 1556-இல் ஆக்ஸ்போர்டில் எரிக்கப்பட்டார்.

அந்த இறையியலை நான் பாடமாகப் படிக்கவில்லை, பீடத்தருகே கேட்டேன். திருவிருந்தில் பங்குபெறத் தகுதி தரும் திடப்படுத்தல் பெறாத சிறுமியாக அம்மாவின் அருகே நின்றிருப்பேன். அம்மா முழங்காலிட்டு, இடது கையின்மேல் வலது கையை விரித்துக் காத்திருப்பார். குருவானவராகிய ஐயர் ஒவ்வொருவரிடமும் இரண்டு வாக்கியங்களையும் முழுதாகச் சொல்லித்தான் அடுத்தவரிடம் நகர்வார். உனக்காகக் கொடுக்கப்பட்ட கர்த்தருடைய சரீரம் உன் சரீரத்தையும் ஆத்துமாவையும் நித்திய ஜீவனுக்கென்று காக்கட்டும் என்பது முதலாவது. கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைத்து இதை வாங்கிப் புசி, விசுவாசத்தினால் உன் உள்ளத்தில் அவரை உட்கொள் என்பது இரண்டாவது. முதல் வாக்கியம் 1549-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில் வந்தது. 1552-இல் அதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தார்கள். 1559-இல், எலிசபெத் அரசியின் காலத்தில், இரண்டையும் சேர்த்தார்கள்.

இந்தச் சேர்க்கையைத்தான் சமரசம் என்கிறார்கள். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒத்துப்போய், திருவிருந்து பற்றிய இந்த ஒன்றில் பிரிந்தார்கள். அப்பத்தோடு கிறிஸ்துவின் சரீரமும் மெய்யாகவே இருக்கிறது என்றார் லூத்தர். அது நினைவுகூருதல் என்றார் ஸ்விங்லி. ஆங்கிலிக்கன் சபையின் கொள்கை அறிக்கையான 39 பிரமாணங்களில் 28-ஆவது, அப்பமும் ரசமும் சரீரமும் இரத்தமுமாக மாறுகின்றன என்ற பொருள் மாற்றக் கொள்கையை மறுக்கிறது. ஆனாலும் கிறிஸ்துவின் சரீரம் கொடுக்கப்படுகிறது, பெற்றுக்கொள்ளப்படுகிறது, புசிக்கப்படுகிறது என்று அழுத்திச் சொல்கிறது. பரலோகத்துக்குரிய, ஆவிக்குரிய விதமாக, விசுவாசத்தின் வழியாக. அப்பத்துக்குள் என்ன நடக்கிறது என்று துருவுவதைவிட, பெறுகிறவனுக்கு அது கிறிஸ்துவின் சரீரம் என்பதே போதும் என்றார் ஆங்கிலிக்கன் இறையியலாளர் ரிச்சர்ட் ஹூக்கர். இது தெளிவான ஒரு நிலைப்பாடு. என் அம்மாவின் விரித்த கைகளில் நான் கண்டதும் அதுதான்.

இதே ஹூக்கர்தான், இங்கிலாந்துச் சபையை மேலும் சீர்திருத்தக் கேட்ட பியூரிட்டன்களுக்கும் பதில் சொன்னார். வேதம் கட்டளையிடாத எதுவும் ஆராதனையில் கூடாது என்று சொல்லி, திருமண மோதிரத்தைக்கூட அவர்கள் எதிர்த்தார்கள். வேதத்துக்கு முரணாகாத வழக்கத்தைச் சபை வைத்துக்கொள்ளலாம் என்பது ஆங்கிலிக்கன் கொள்கை. நாட்டுக்கும் காலத்துக்கும் மக்களின் பழக்கத்துக்கும் ஏற்பச் சடங்குகள் மாறலாம் என்கிறது 34-ஆவது பிரமாணம். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் திருமணத்தில், தாலி வேதத்தில் இல்லை, கட்டக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். அவர்கள் வேறு சபையினர். அன்று இரவு தாத்தாவின் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பிரமாணத்தை வாசித்துக் காட்டினேன். மறுநாள் பொன்னில் சிலுவை பதித்த தாலி கட்டப்பட்டது. வெளிநாட்டு மோதிரத்துக்கு இருக்கும் இடம் நம் தாலிக்கு ஏன் இருக்கக்கூடாது?

குறையும் சொல்லவேண்டும். அத்தியட்சர், அதாவது பேராயர், கைவைத்தால்தான் குருப்பட்டம் என்ற பிடிவாதம் எங்கள் மண்ணில் காயம் உண்டாக்கியது. லூத்தரன் முறையில் பட்டம் பெற்ற ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1835-இல் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரிச் சங்கத்தைவிட்டுப் பிரிந்ததற்கு அது பெரிய காரணம். திருநெல்வேலிச் சபைகள் இரண்டுபட்டன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையும் மற்ற சபைகளும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதுதான் மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் ஊழியர்களை மறுபட்டம் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். பேராயர் முறையும் நிலைத்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் கட்டுரையாளர் அந்த 28, 34 ஆகிய இரண்டு பிரமாணங்களையாவது படித்துவிட்டு, தம் இரண்டு வரிகளைத் திருத்தி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.