காயில் கட்டியவன் தலையில் காயில்

மதுரை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் மழை, வெயில் என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

போன மாதம் நீ சொன்ன, மனச்சோர்வுக்கு மூளையைக் காந்தத்தால் தட்டுகிற காந்த சிகிச்சையை நான் ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டேன். ஆடியில் ஆரம்பித்து ஆறு வாரம். சனி, ஞாயிறு போக 30 நாள். உன்னிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் அத்தைக்கு மட்டும் தெரியும். "ஐயோ, தலைக்குக் கரண்டு வச்சுட்டாங்களா?" என்று பதறி அழகருக்குக் காசு முடிந்துவைத்துவிட்டாள். கரண்டு வைப்பது வேறு. அதில் மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள். இதில் நான் முழித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்று. கைக்கடிகாரம், போன், ஏடிஎம் கார்டு எல்லாம் வெளியே. வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் ஏதும் வைத்திருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். முதல் நாள் இடப்பக்க மண்டையில் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, நகர்த்தி நகர்த்தித் தட்டியபோது, ஓரிடத்தில் என் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. தூக்கிவாரிப்போட்டது எனக்கு. எவ்வளவு பலம் வேண்டும் என்று அந்த விரலை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். பிறகு காயிலை நெற்றிப் பக்கமாகத் தள்ளி வைத்து ஆரம்பித்தார்கள். நொடிக்குப் பத்துத் தட்டு வீதம் 4 நொடி, அப்புறம் 26 நொடி ஓய்வு. இப்படி 75 சுற்று. முப்பத்தேழரை நிமிஷத்தில் 3,000 தட்டு. காதில் அடைப்பான் இருந்தும் மரங்கொத்தி குடியேறிய மாதிரி இருந்தது. முதல் வாரம் தலைவலி, பாராசிட்டமாலில் போயிற்று.

உன் அப்பன் மின்வாரியத்தில் 32 வருஷம் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் கட்டினவன். எட்டு வடிவத்தில் சுற்றிய அந்தக் காயிலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த அதே சங்கதிதான். வெளியே இருப்பது பிரைமரி, கரண்டைக் கொடுக்கிற பக்கம்; என் மூளை செகண்டரி, வாங்குகிற பக்கம். ஒரு காயிலில் கரண்ட் ஏறி இறங்கினால் தொடாமலேயே பக்கத்தில் கரண்ட் பிறக்கும். ஏறி இறங்கினால்தான். எதிர்வீட்டுக்காரர் விற்கிற காந்தப் படுக்கையில் வருஷக்கணக்காகப் படுத்தாலும் ஒன்றும் பிறக்காது. (அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது பேச்சுவார்த்தை இல்லை.) மனிதத் தலையில் இப்படிக் காந்தத்தால் தட்டிக் கையைத் துள்ளவைத்தது, 1985-இல், நீ இருக்கிற இங்கிலாந்து ஷெஃபீல்டில்தான். ஆந்தனி பார்க்கர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும். அந்த ஊரில் நான்கு வருஷமாக இருக்கிறாய், உனக்குத் தெரியுமா?

நம் டாக்டரம்மா முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் 2008-இல் இந்த மெஷினுக்கு அனுமதி கொடுத்தது மனச்சோர்வுக்கு. நீடித்த துக்கத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை. அப்படி ஒரு நோய் இருப்பதாகவே அவர்களுடைய மனநோய்க் கையேட்டில் 2022-இல்தான் ஏறியதாம். ஒரு வருஷம் தாண்டியும் ஏக்கம் அன்றாடத்தை முடக்கினால் அந்தப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறே மாதம். அம்மா போய் மூன்றரை வருஷம்; இரண்டு கணக்கிலும் நான் பாஸ். "மூணு மணிக்கு முழிப்பு வர்றது, சாப்பாடு இறங்காதது, இதெல்லாம் சோர்வு. இது மெஷினுக்குக் கேட்கலாம். அம்மாவைத் தேடுறதுக்கு இது கேட்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. நான்காம் வாரம் ஒருநாள் வீடு திரும்பும்போது பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசி. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று இட்லி தின்றேன். இப்போது ஐந்து மணி வரை தூங்குகிறேன்.

தேடுவது அப்படியேதான் இருக்கிறது. 2008-இல் வந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். மார்பகப் புற்றுநோயில் தாயையோ சகோதரியையோ இழந்த 23 பெண்களுக்குப் போனவர்களின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்தார்களாம். துக்கம் ஆறாதவர்களுக்கு மட்டும், ஆசைப்பட்டது கிடைக்கப்போகிறது என்றால் விழித்துக்கொள்கிற ஒரு பகுதி விழித்துக்கொண்டதாம். அது ஆழத்தில் இருக்கிறது. அந்தக் காயிலின் வீச்சு மண்டையோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று செண்டிமீட்டர்தான். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. கேஸ் கனெக்‌ஷனை இன்னும் நான் என் பெயருக்கு மாற்றவில்லை. ஏஜென்சிக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். சிலிண்டர் போடுகிற தம்பி வாசலில் நின்று "சரோஜா மேடம் வீடா?" என்று கூப்பிடுவான். இந்த வீட்டில் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்கிற ஆள் அவன்தான். அதற்காகச் சீக்கிரம் தீரட்டும் என்று வெந்நீரைக்கூடக் கேஸிலேயே போடுகிறேன்.

இனி உன் விஷயம். அன்று போனில் என்னென்ன கேட்டாய், ஞாபகமிருக்கிறதா? எத்தனை நாள் போகணும், வலிக்குமா, லீவு போட வேண்டியிருக்குமா என்றாய். ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமான எனக்கு ஏதம்மா லீவு?

அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2021 மே மாதம் கொரோனாவால் உனக்கு விமானம் இல்லை. இங்கிருந்து பிடித்த வீடியோவில்தான் அம்மாவைப் பார்த்தாய், அதுவும் பாதியில் அறுந்துபோனது. முதலில் அங்கே உன் டாக்டரிடம் போய்ச் சொல். மெஷின் வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும். துக்கத்துக்கென்றே கேதரின் ஷியர் என்கிற அமெரிக்க டாக்டர் வகுத்த ஒரு பேச்சு சிகிச்சை இருக்கிறது, 16 அமர்வு. மனச்சோர்வு மாத்திரையைக் கூடச் சேர்த்தும் துக்கம் அதற்குமேல் குறையவில்லை என்று 2016-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நான் ஐப்பசியிலிருந்து அந்த மாதிரிப் பேசத்தான் போய்வருகிறேன். அம்மா போன நாளை முதலிலிருந்து கண்ணை மூடிச் சொல்லச் சொல்கிறார்கள். அதைப் பதிவு பண்ணி, வீட்டில் தினமும் போட்டுக் கேட்க வேண்டும். இரண்டு தடவை சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை கட்டில் எண்ணைக்கூடச் சொல்ல முடிந்தது.

உன்னிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை. வருகிற ஞாயிறு உனக்குக் காலை பத்து மணிக்குக் கூப்பிடு, இங்கே மூன்றரை ஆகியிருக்கும். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல். ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்பா