கோடை விடுமுறையும் கள்ளக்கடலும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாக்களுக்கும் வணக்கம்.

ஆண்டுத் தேர்வு நேற்றோடு முடிந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை பிள்ளைகள் உங்கள் கையில். தினமும் காலை வழிபாட்டில் அன்றைய கடல் நிலையை ஒரு மாணவர் வாசிப்பார், அறிவிப்புப் பலகையிலும் எழுதிப்போடுவோம். அந்த வேலையை இந்த ஐந்தாறு வாரம் நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

வானிலையைப் பொறுத்தவரை, வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியவை. மதியத்துக்குமேல் மலைப்பக்கம் மேகம் திரண்டு இடியுடன் கோடை மழை கொட்டும். மணல்வெளியில் பந்து விளையாடும் பிள்ளைதான் அங்கே எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது. முதல் இடி கேட்டதுமே வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கும். அதற்கு முன்பே கடல் கறுத்துக் கொந்தளித்தால் பிள்ளைகள் தாங்களாகவே விலகி நிற்பார்கள். அந்த நாள்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை.

என் கவலையெல்லாம் வெயில் பளிச்சென்று அடித்து, காற்றே இல்லாமல் இருக்கும் நாளில் திடீரெனக் கரையேறும் கள்ளக்கடலைப் பற்றித்தான்.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஊர் கலைந்த நேரம். பள்ளிக் கொடிமரத்தின் கயிறு ஆடவில்லை, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் கல்லுக்குமேல் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறி வந்தது. கருவாடு காயப்போட்டிருந்த பாய்களை எடுக்கப் பெண்கள் ஓடினார்கள். அவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் இரண்டு பாய்கள் போய்விட்டன. மேட்டில் ஏற்றி வைத்திருந்த வள்ளம் ஒன்று தானாக மிதந்து சாலையோரம் வந்து நின்றது. மறுநாள் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருந்த நாள் அது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு, பார்வைக்கு அழகாக இருந்த அந்தக் கடல் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வழியில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட இரவு நான் உறங்கவில்லை.

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "காத்தே இல்லாம எப்படி சார் அலை வரும்?" நல்ல கேள்வி. விடை நம் கரையில் இல்லை, பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. நமக்குக் கோடை என்றால் தென்கோளத்தில் குளிர்காலம் நெருங்குகிறது. அண்டார்டிகாவின் குளிர்ந்த காற்றும் வடக்கே இருக்கும் வெதுவெதுப்பான காற்றும் மோதும் முகப்பில் பெரும்புயல்கள் உருவாகின்றன. அந்தப் புயல் நம் பக்கம் வருவதில்லை. அது கிளப்பிவிட்ட அலைதான் வருகிறது, மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில், பல நாள் பயணம் செய்து. 2024இல் ஏப்ரல் கடைசியில் அங்கே வீசிய புயலின் அலைதான் மே 4 முதல் நம் கரையைத் தொட்டது.

எந்த அறிகுறியும் காட்டாமல் கள்ளனைப் போல வருவதால் நம் மீனவர்களும் கேரள மீனவர்களும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. மீன்பிடிக்கும் மக்களின் வாய்ச்சொல் உலக அறிவியலுக்குப் போயிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் பெருமையாகவே சொல்லுங்கள்.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த அலையை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை தருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று குறிப்பிட்டிருப்பார்கள். அதில் அலை உயரம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று இருந்தால் "இவ்வளவுதானா" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போட்டிருக்கும் நொடிக் கணக்கைப் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம் அது. உள்ளூர்க் காற்றில் எழும் அலை ஆறேழு நொடிக்கு ஒன்று வரும். கள்ளக்கடல் அலைக்குப் பதினைந்து நொடிக்குமேல் ஆகும். இடைவெளி நீள நீள, ஒவ்வொரு அலையும் சுமந்து வரும் தண்ணீர் அதிகம். ஏறும்போது தெருவரை ஏறும், திரும்பும்போது காலடி மணலையும் பறித்துக்கொண்டு போகும். கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் இன்னும் மோசம். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கரையில் நின்று வாய்விட்டு எண்ணிப் பழகியிருக்கிறார்கள். வீட்டிலும் எண்ணச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை இருக்கும் நாளில் கணுக்கால் அளவுத் தண்ணீருக்குக்கூட அனுப்ப வேண்டாம். கடல் திடீரென உள்வாங்கினால் சங்கு பொறுக்க ஓடக் கூடாது. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த பெரியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று பிறந்திராத பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். புழுக்கத்துக்காக மணலில் பாய் விரித்துப் படுப்பது நம் ஊர் வழக்கம். அந்த நாள்களில் அதுவும் வேண்டாம்.

இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் ஓரிடம் அமைதியாகத் தெரியும். தண்ணீர் உள்ளே இழுக்கும் வழி அதுதான். வெளியூர் உறவினர் வந்தால் குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான். சிக்கிக்கொண்டவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியே வரலாம். காப்பாற்றப் போகும் பிள்ளை முதலில் பெரியவர்களைக் கூவி அழைக்கட்டும். மிதக்கக்கூடிய ஒரு கேனையோ கயிற்றையோ எறியட்டும். தானே குதிக்க வேண்டாம். நம் பிள்ளைகள் துணிச்சலானவர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. மே முழுவதும் அப்பாக்கள் பலர் ஆழ்கடலில் இருப்பார்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அவசரத்துக்கு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவல் 1093, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

பள்ளி மைதானத்தின் கதவு விடுமுறை முழுவதும் மாலை நான்கு முதல் ஆறரை வரை திறந்திருக்கும். பந்துகளை உடற்கல்வி ஆசிரியர் காவலரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். எச்சரிக்கை வந்த நாள்களில் பிள்ளைகளை அங்கே அனுப்பிவையுங்கள். நானும் வந்துவிடுவேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்