பிரேக்குன்னு மட்டும் சொல்லாதடா

டேய் முரளி,

மெயில் பாத்தேன், பொண்ணு நியூரோசயின்ஸ்ல சேந்துட்டாளா, செம சந்தோஷம்டா. நான் எப்பவும் போலத்தான் இருக்கேன், வேலை ஜாஸ்தி, தூக்கம் கம்மி. அவ கேட்டிருந்தாளே, அடக்குற நியூரான் பிரேக்குதானே, அது இல்லாம மூளையில ரிதமே வராதுன்னு ஏன் சொல்றாங்கன்னு, நல்ல கேள்வி.

கார்டெக்ஸ்ல (மூளையோட வெளிப்பட்டை) இருக்கிற நியூரான்ல அஞ்சுல ஒண்ணுதான் இந்த அடக்குற வகை. ஆனா அதுல பாஸ்கெட் செல்னு ஒரு வகை, அது ஒண்ணே சுத்தியிருக்கிற நூத்துக்கணக்கான பிரமிட் செல்லோட (மத்ததைத் தூண்டிவிடுற நியூரான்) உடம்புலயே கனெக்‌ஷன் போட்டு வச்சிருக்கும். அது ஒரு தடவை ஃபயர் ஆச்சுன்னா காபாங்கிற அடக்குற கெமிக்கல் வரும், குளோரைட் சேனல் திறக்கும், வோல்டேஜ் பெருசா இறங்கக்கூட வேணாம், டென்ட்ரைட்ல (சிக்னல் வாங்குற கிளை) இருந்து வர்ற கரண்ட் அங்கயே லீக் ஆயிடும், அத்தனை செல்லும் ஒண்ணா கப்சிப். காபா வேகம் குறைஞ்சதும் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்துல ஃபயர் ஆகும், அது திரும்ப பாஸ்கெட் செல்லை உசுப்பிவிடும், மறுபடி கப்சிப். ஒரு சுத்துக்கு 25 மில்லிசெகண்டுன்னா செகண்டுக்கு 40, அதான் காமா ரிதம். 2009-ல சுண்டெலி மூளையில லைட் அடிச்சு பார்வால்புமின்ங்கிற புரோட்டீன் இருக்கிற அடக்குற செல்லை (பாஸ்கெட் செல் பலதும் இந்த வகைதான்) மட்டும் தூண்டிப் பாத்தாங்க, காமா ஏறுச்சு. பிரமிட் செல்லை அதே மாதிரி தூண்டினா கம்மி ஃப்ரீக்வென்சிதான் ஏறுச்சு. அப்ப டைமிங் யார் கையில இருக்குன்னு பாத்துக்கோ.

எனக்கு இதைவிடப் புடிச்சது 2003-ல நியூரோசயின்டிஸ்ட் பீட்டர் சோமோகி குரூப் மயக்கத்துல இருந்த எலியோட ஹிப்போகாம்பஸ்ல (ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதி) பாத்தது. தீட்டா ரிதம் (காமாவை விட மெதுவான அலை) ஓடுறப்ப, பிரமிட் செல்லோட ஆக்ஸான் (சிக்னலை வெளிய அனுப்புற நார்) ஆரம்பத்தைப் புடிக்கிற செல், உடம்பைப் புடிக்கிறது, டென்ட்ரைட் நுனியைப் புடிக்கிறது (ஓ-எல்-எம்னு பேரு), மூணும் அலையில வேற வேற கட்டத்துல ஃபயர் ஆகுது. அதாவது எந்த சிக்னல் உள்ள வரலாம், எது வெளிய போகலாம்ங்கிறது ஒரே அலைக்குள்ளயே மாறிட்டே இருக்கு! ஷார்ப் வேவ் ரிப்பிள்னு ஒரு குட்டி வேகமான அலை வர்றப்ப பாஸ்கெட் செல் வெளுத்து வாங்குது, ஓ-எல்-எம் கம்முனு ஆயிடுது. இதுக்கெல்லாம் சேத்து "அடக்குறது"ன்னு ஒரே பேரு வச்சவன் சோம்பேறி.

டிராவெட் சின்ட்ரோம்னு குழந்தைங்களுக்கு வர்ற வலிப்பு நோய் பத்தியும் படிக்கச் சொல்லு. பெரும்பாலும் நியூரான் ஃபயர் ஆகத் தேவையான சோடியம் சேனல் ஜீன் ஒண்ணுல கோளாறு, முக்கியமா அடிவாங்குறது இந்த அடக்குற செல்லுங்கதான், குழந்தைக்கு வலிப்பு வந்துடுது. அதுக்குப் போய் சோடியம் சேனலை அடைக்கிற வலிப்பு மாத்திரை குடுத்தா பல பேருக்கு வலிப்பு இன்னும் கூடிடும்டா.

அடுத்த கேள்வியை அவளையே நேரா எனக்கு எழுதச் சொல்லு, நடுவுல நீ வேணாம், நீ கேள்வியைப் பாதி முழுங்கிட்டுதான் அனுப்புவ.

உன்
சேகர்