கியர் ஒயில் மாற்றமுன் இதை வாசி

அன்பு மகளுக்கு,

உன் டொயோட்டா விட்ஸ் கார் கண்டிக்கு வந்து சேர்ந்தது சந்தோஷம். எஞ்சின் ஒயில், பிரேக், டயர் எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். நான் எழுதுவது கியர் பொக்ஸைப் பற்றி மட்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட கார்களுக்குத் திறந்தது. இப்போதும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் காரைப் பற்றி நினைக்கவே முடியாது. கியர் பொக்ஸ் போனால் பெரும்பாலும் கிடைக்கப்போவது வேறொரு காரில் கழற்றிய பழசுதான். அது எப்படி ஓடியது என்று விற்கிறவனுக்கும் தெரியாது.

'ஆயுளுக்கும் கியர் ஒயில் மாற்றத் தேவையில்லை' என்று முந்திய சொந்தக்காரர் சொன்னாராம். யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்கலாம். உன்னுடையது சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் ஓட்டோ கியர் பொக்ஸ். கூம்பு முகமுள்ள இரண்டு கப்பிகளுக்கு நடுவே உருக்குப் பெல்ட் ஒன்று நெருக்குப்பட்டு ஓடுகிறது. உலோகத்தோடு உலோகம் வழுக்கவும் கூடாது, தேயவும் கூடாது. இரண்டையும் தாங்குவது அந்த ஒயில்தான். கொழும்பில் காலி வீதி நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தாலும், கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறினாலும் அது சூடாகி மெல்ல மெல்லத் தன் குணத்தை இழக்கும். நம் ஓட்டத்துக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவதே சரி என்பது என் கணக்கு. பழைய சேர்விஸ் ரசீது கையில் இல்லாதபடியால் முதல் தடவையை இப்போதே செய்வோம்.

சாதாரண ஓட்டோ கியர் பொக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஒயிலை இதற்குள் ஊற்ற ஒருவரையும் விடாதே. பெல்ட் வழுக்கிக் கப்பி முகத்தில் கீறு விழுந்துவிட்டால், பிறகு நல்ல ஒயில் ஊற்றியும் பிரயோசனமில்லை. டொயோட்டாவின் சிவிடி ஒயிலிலேயே டிசி, எஃப்ஈ என்று இரண்டு வகை உண்டு. உன் காருக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்து, பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. தம்பியின் ஹைபிரிட் கார் அக்வாவையும் சிவிடி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதற்குள் பெல்டே கிடையாது, கிரகப் பல்லுச்சக்கரமும் மோட்டரும்தான். அதற்கு ஊற்றுவது டபிள்யூஎஸ் ஏடிஎஃப். அவனிடம் மிஞ்சிய கானை உன் காருக்கு எடுக்காதே. பிளக் வாஷர், ஒயில் சீல் எல்லாம் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கலாம். ஒயிலை மட்டும் ஏஜென்டிடம், சீல் உடையாத கானில் எடுப்பேன்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில். கார் நாலு சில்லிலும் மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கினால் அளவு பிழைக்கும். முதலில் பக்கத்திலுள்ள நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று பார்க்கச் சொல். அது இறுகிக் கிடக்க, கீழே ஒயிலை வடித்துவிட்டால் கார் அங்கேயே நிற்கவேண்டியதுதான். கீழ்ப் பிளக்கைக் கழற்றியதும் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். முடிந்தது என்று நினைப்பார்கள். அந்தத் துளைக்குள்ளே ஒயில் மட்டத்தைக் காட்டும் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. அதை 6 மில்லிமீற்றர் எலன் கீயால் (அறுகோணச் சாவி) கழற்றினால்தான் மிச்சம் வரும். திருப்பிப் பூட்டும்போது கை இறுக்கம் போதும், பலம் போட்டால் உடையும்.

வடிந்ததை அளவுச் சாடியில் ஊற்றிப் பார்த்து, அதே அளவு புது ஒயிலை மேலே விடவேண்டும். அடியிலுள்ள ஒயில் தட்டான சம்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தங்களை நீயே பார். சாம்பல் நிறப் பசை மாதிரிப் படிந்திருந்தால் பயமில்லை, அது வழமையான தேய்மானம். விரலில் தேய்க்கும்போது நறநறவென்றாலோ, மினுங்கும் சீவல் தெரிந்தாலோ வேலையை நிறுத்தி என்னைக் கூப்பிடு.

இனித்தான் கன பேர் பிழை விடும் இடம். ஒயில் மட்டத்தைக் குளிரிலும் பார்க்கக்கூடாது, கொதியிலும் பார்க்கக்கூடாது, ஒயில் 40 பாகையை ஒட்டி இருக்கும்போது பார்க்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, 'பார்க்' (P) நிலைக்குத் திரும்பி, காரின் கணினியோடு பூட்டும் ஸ்கேனரில் ஒயில் சூட்டை வாசித்து, அந்த நேரத்தில் கீழ்ப் பிளக்கைத் திறக்கவேண்டும். ஓடி வருவது சொட்டாக மாறியதும் மூடலாம். ஒன்றுமே வராவிட்டால் ஒயில் குறைவு, மேலே விடவேண்டும். கொழும்பில் காற்றே 30 பாகை. மத்தியானம் ஓடி வந்த காரைத் திறந்தால் விரிந்த ஒயில் கூடுதலாக வழிந்துபோகும், ஆறிய பிறகு உள்ளே குறைவாக இருக்கும். அதனால்தான் இரவு முழுக்க நின்ற காரில், விடியவே செய்யச் சொல்கிறேன்.

ஒரு தடவை வடித்தால் பழைய ஒயிலில் பாதியளவுதான் போகும். மெஷின் போட்டு முழுதாகக் கழுவித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம். இவ்வளவு காலம் மாற்றாத பெட்டியில் அடியில் படிந்த ஊத்தையை அமுக்கத்தால் கிளப்பி வால்வுக்குள் ஏற்றும் வேலை அது. சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு இன்னொரு தடவை வடித்து ஊற்றினால் போதும்.

கண்டியில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் வைத்து, ஹான்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கை மெல்ல விட்டுக் கார் அசையவில்லை என்று பார்த்து, திரும்ப மிதித்துக்கொண்டுதான் 'பார்க்' நிலைக்குப் போ. இல்லாவிட்டால் காரின் முழுப் பாரமும் சின்ன ஒரு கொக்கியில் தொங்கும். கடுகண்ணாவையில் இறங்கும்போது ட்ரைவுக்குக் கீழுள்ள நிலையில் எஞ்சின் பிரேக்கைப் பிடி. ரிவேர்சுக்கும் ட்ரைவுக்கும் நடுவில் கார் முழுதாக நிற்கட்டும். எங்காவது பழுதாகி நின்றால் முன்சில்லைத் தூக்கித்தான் இழுக்கவேண்டும். எஞ்சின் ஓடாவிட்டால் ஒயில் பம்பும் ஓடாது.

வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்தில் சில்லின் நடுவளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால், ஓடிப் பார்க்காமல் ஒயிலைத் திறந்து பார். காற்றுத் துவாரத்தால் தண்ணீர் போயிருந்தால் ஒயில் பால் கலந்த மாதிரி இருக்கும். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது கார் உதறினால் பெல்ட் வழுக்குகிறதோ என்று சந்தேகப்படு. வேகத்தோடு கூடும் இரைச்சல் பெரும்பாலும் பெயரிங். இரண்டுக்கும் ஒயில் மாற்றம் மருந்தாகாது.

சனிக்கிழமை வருவதாயிருந்தால் வெள்ளி இரவே வந்துவிடு, காலை ஆறரைக்கு வேலையைத் தொடங்கலாம். நாலு லீற்றர் கான் ஒன்றும் இரண்டு வாஷரும் நான் எடுத்து வைக்கிறேன், கையேட்டுப் படத்தை மட்டும் வியாழனுக்குள் அனுப்பு.

அன்புடன்,
அப்பா