நகீனாவுக்குப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பத்து வயதாகிவிட்டதா! அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறார் என்றது இன்னும் சந்தோசம். மூன்று தலைமுறையும் ஒரே வள்ளத்தில் தூண்டில் போடுவதற்கு வட ஒன்ராறியோவின் நகீனா என்ற ஊருக்கு வடக்கே உள்ள ஏரிகளை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நீ கேட்டவற்றை எழுதுகிறேன்.

யூனில் போகாதே. அப்போது பிக்கரல் மீன் இரண்டு மூன்று மீற்றர் ஆழத்திலேயே கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கறுப்பு இலையானும் நுளம்பும் உச்சத்தில் நிற்கும், பிள்ளைகள் இரண்டாம் நாளே அழுவார்கள். ஓகஸ்ட் பிற்பாதி நல்லது. மீன் ஐந்து முதல் எட்டு மீற்றர் வரை இறங்கியிருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நுளம்பை விரட்டும் 20 வீத ஐகாரிடின் பூச்சு வாங்கு. டீற் என்ற பூச்சு என்றால் 12 வயதுக்குக் கீழ் 10 வீதத்துக்கு மேல் கூடாது. அது பிளாஸ்ரிக்கையும் இளக்கும், பூசிய கையால் ரப்பர் இரையைத் தொட்டால் இரை பழுதாகும்.

ரொறன்ரோவிலிருந்து நகீனா ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர். இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டு. வழியில் ஹேர்ஸ்ற் என்ற ஊரில் பெற்றோல் நிரப்பிவிடு, அங்கிருந்து லோங்லாக் என்ற ஊர் வரை 200 கிலோமீற்றருக்கு மேல் காடுதான். இருட்டினால் நிறுத்திவிடு. மூஸ் என்ற பெரிய மான் வீதியில் நிற்கும், அதன் கால் உயரம் என்பதால் காரின் வெளிச்சம் வயிற்றுக்குக் கீழால் போய்விடும், கண்ணும் மின்னாது.

நகீனாவிலிருந்து ஏரிக்கு, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம். பெரும்பாலும் பீவர் என்ற சிறு விமானம், 1947இல் ரொறன்ரோவில் எங்கள் டவுன்ஸ்வியூவில் முதன்முதல் பறந்த அதே ரகம். ஆளையும் பொதியையும் சேர்த்து நிறுப்பார்கள். ஆளுக்கு எத்தனை கிலோ என்று இப்போதே கேட்டுக்கொள். சூட்கேஸ் வேண்டாம், மடங்கும் துணிப் பைகளாக எடு, விமானத்தின் வால்பக்கம் அவைதான் நுழையும். விமானி கண்ணால் பார்த்தே ஓட்டுவதால் மூடுபனியோ காட்டுத்தீப் புகையோ வந்தால் பறக்கமாட்டார். ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் தங்க நேரும். அப்பாவின் பிரஷர் குளிசை மூன்று நாளுக்குக் கூடுதலாக, கைப்பையில் இருக்கட்டும். திரும்பிய மறுநாளே வேலைக்குப் போவதாகத் திட்டம் போடாதே.

மீன்பிடி உரிமத்தில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தேவையில்லை. 65 தாண்டியவர்களுக்கும் வேண்டாம் என்ற சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வந்து நிற்கும் அப்பாவுக்கு வெளிநாட்டவர் உரிமம் கட்டாயம். உனக்கு அவுட்டோர்ஸ் அட்டை என்ற ஒன்ராறியோ அடையாள அட்டையும் உரிமமும், இயந்திர வள்ளம் ஓட்டுவதால் ஓட்டுநர் அட்டையும் வேண்டும். வடக்கு மீன்பிடி வட்டாரங்கள் பலவற்றில் பிக்கரல், முழு அளவு பிடிக்கவிடும் ஸ்போர்ட் உரிமத்துக்கு நாளுக்கு 4, குறைவாகப் பிடிக்கவிடும் கன்சர்வேஷன் உரிமத்துக்கு 2, அதில் 46 செ.மீ.க்கு மேல் ஒன்றே ஒன்று. ஏழு நாள் நின்றால் 28 மீன் என்று கணக்குப் போடாதே. ஒரு நேரத்தில் கைவசம் வைத்திருக்கக்கூடியதே 4, வீட்டு உறைபெட்டியில் கிடப்பதும் அதில் சேரும். உன் ஏரி எந்த வட்டாரம் என்று நீ தங்கப்போகும் லொட்ஜில் கேட்டு, அந்த ஆண்டு விதியைப் படி.

பிக்கரலுக்கு ஏழு கிராம் ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்), எட்டு றாத்தல் தங்கூசி போதும். ஜிக் அடியில் தட்டியதும் ஒரு சாண் உயர்த்திப் பிடி. ஈயம் தரையில் கிடந்தால் பாறையில் சிக்கி அறும், காலை முடிவதற்குள் பத்து ஜிக் போய்விடும். ஆளுக்கு இருபது கொண்டுபோ, அங்கே கடை இல்லை. பிக்கரலின் கண்ணுக்கு வெயில் ஆகாது. ஆறரையிலிருந்து பத்து வரை, பிறகு மாலை ஆறிலிருந்து இருட்டும் வரை போடு. நடுவில் பிள்ளைகள் தூங்கட்டும், நீந்தட்டும். நாள் முழுக்க அவர்களை வள்ளத்தில் இருத்துவதுதான் இந்தப் பயணத்தைக் கெடுக்கும் முதற்காரணம். மத்தியானம் மீன் வேண்டுமென்றால் பாசி ஓரத்தில் பைக் என்ற கூர்ப்பல் மீன் இருக்கும். அதன் பல் தங்கூசியை ஒரே கடியில் அறுத்துவிடும், 25 செ.மீ. உருக்குக் கம்பி முன்னால் கட்டு. நீண்ட மூக்குக் குறடு இல்லாமல் அதன் வாய்க்குள் கை போகக்கூடாது. எல்லா முள்ளின் எதிர்க்கூரையும் குறட்டால் நசுக்கிவிடு. மீனை விடுவதும் சுகம், பிள்ளையின் விரலில் ஏறினால் எடுப்பதும் சுகம்.

பிள்ளைகளின் உயிர்காப்பு அங்கியை நிறைக்கு ஏற்றபடி இங்கேயே வாங்கு. லொட்ஜில் பெரியவர்களின் அளவுதான் நிச்சயமாக இருக்கும். இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை உன் கையில் மாட்டிக்கொள். ஓட்டுபவர் விழுந்தால் வள்ளம் வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரும். அந்த ஏரிகளில் தண்ணீருக்குச் சற்றுக் கீழே பாறை மறைந்து கிடக்கும். முதல் நாள் வழிகாட்டி ஒருவரைப் பிடி, அந்தச் செலவு வீண்போகாது. அந்த நிலம் முதற்குடி மக்களுடன் அரசு 1905இல் செய்யத் தொடங்கிய 9ஆம் உடன்படிக்கைக்கு உட்பட்டது. அந்த மக்களில் ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தால் அப்பா கேட்பதற்கு நிறைய இருக்கும், அவரை முன்னால் இருத்து.

சமையலுக்கு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் அரை, உப்பு, அரைக்கோப்பை அரிசிமா எல்லாம் கலந்து ஒரு பையில் கட்டிப் போ, ஒரு கிலோ சதைக்குக் காணும். பிக்கரல் சதை மென்மை. தேசிக்காய்ப் புளியில் ஊறவிட்டால் உடைந்துவிடும், பொரித்த பிறகு பிழி. துண்டுகளை நன்றாகத் துடைத்துவிட்டு மாவில் புரட்டு, ஈரம் இருந்தால் எண்ணெய் ஆறி மா கழன்றுவிடும். காட்டுத்தீத் தடை இருந்தால் கரையில் நெருப்பு மூட்டமுடியாது, அடுப்பு இருக்கிறதா என்று கேள். சாப்பிடுவதற்குச் சிறிய மீனையே வை. பெரிய மீனில் பாதரசம் கூட, பிள்ளைகளுக்கு அது ஆகாது. மேற்கே வாபிகூன் ஆற்றில் 1962 முதல் 1970 வரை ஆலை கொட்டிய பாதரசத்தால் கிராஸி நரோஸ் முதற்குடி மக்கள் இன்றும் துன்பப்படுகிறார்கள், அது நெஞ்சைவிட்டுப் போகாத விஷயம். கொண்டுவரும் சதைத் துண்டில் தோல் கொஞ்சம் விட்டு, ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகச் சுற்று. அதிகாரி எண்ணி, இனம் பார்க்க முடியவேண்டும். குடலைக் குடிலுக்குப் பக்கத்தில் போடாதே, கரடி வரும்.

அப்பாவின் உரிமத்தை இந்தக் கிழமையே எடுத்துவிடு. லொட்ஜுக்கு எழுதும்போது நிறை அளவு, வட்டாரம், அடுப்பு மூன்றையும் ஒரே தடவையில் கேள்.

அன்புடன்,
சிவா