வெறும் சுண்ணாம்புப் பூச்சு இல்லங்க, அது சுதை

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை மதுரையைச் சுத்திப் பாக்குறதப் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல திருமலை நாயக்கர் மகாலுக்கு நாலே வரி, அந்த நாலுல ஒண்ணு "மற்றபடி வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான், அரை மணி நேரம் போதும்". இருவது வருஷமா உங்க பேப்பர்தான் வாங்குறோம், அந்த உரிமையிலதான் எழுதுறேன். மனசு ரொம்ப சங்கடப்பட்டுப் போச்சு.

எங்க அப்பா சுண்ணாம்புச் சாந்துல கோபுர பொம்மை செய்யிற கொத்தனாரு, அந்த வேலைக்குப் பேருதான் சுதை. சுண்ணாம்பத் தொட்டியில ஊறப்போட்டு, சலிச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுன தண்ணிய விட்டு, அம்மியில மை மாதிரி அரைக்கணும். அரைச்சது எங்கம்மா, வெரலெல்லாம் வெந்து புண்ணாயி, ராத்திரி சோறு பெசைஞ்சு திங்க முடியாது. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து கூழாங்கல்ல வச்சு தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், காஞ்சப்புறம் கன்னத்த வச்சா சில்லுனு இருக்கும். மகாலும் அதே சுண்ணாம்பு, அதே வெள்ளைக்கருதான், 1636-ல கட்டுனது. ராஜா கொலு இருந்த மண்டபம், சொர்க்கவிலாசத்துல அண்ணாந்து பாருங்க, அந்த வளைவு, யாளி, பூ வேலை எல்லாம் செங்கல்லு மேல கையால புடிச்ச சுதை. உங்களுக்குத் தெரியாததா.

எனக்கு வெவரம் தெரிஞ்சப்ப அங்க கோர்ட்டு நடந்துச்சு. அப்பாவுக்கு ஒரு கேஸும் கெடையாது, ஆனா என்னயக் கூட்டிட்டுப் போயி வளைவுக்கு அடியில நிறுத்தி, "மேல பாரு, எங்கயாச்சும் ஒட்டுத் தெரியுதா"ம்பாரு. அரை மணி நேரத்துல நாங்க ஒரு வளைவத் தாண்டியிருக்க மாட்டோம். இருந்த அரண்மனையில கால்வாசிதான் மிச்சம்ங்கிறாங்க, திருமலை நாயக்கரு பேரன் சொக்கநாத நாயக்கரு பிரிச்சு திருச்சிக்குக் கொண்டு போனதும், பின்னால வெள்ளக்காரக் கவர்னர் நேப்பியர் பழுது பாத்ததும் உங்க பேப்பர்லயே வந்துருக்கு. அப்படித் தப்பிச்ச தூண்லதான் இப்ப சாவிய வச்சு ஜோடிப் பேரு கீறுறாங்க. வெறும் பூச்சுன்னு பேப்பரே எழுதுனா அவன் ஏன் கீற மாட்டான்?

ஒரு ஊரு மியூசியத்துக்குப் போனேன், எந்த ஊருன்னு வேணாம். ஆளு உசரத்துக்கு மேல ஒரு செட்டிநாட்டுக் கதவு, நெலையில கிளியும் கொடியும் அவ்வளவு நுணுக்கமா செதுக்கியிருக்கு, கீழ அட்டையில "கதவு"ன்னு மட்டும் எழுதி வச்சிருக்காங்க, என்ன மரம், எந்த ஊரு ஆசாரி, ஒண்ணுமே இல்ல, கொஞ்ச நேரம் நின்னு பாத்தா "நகருங்கம்மா, நகருங்க"ன்னு சத்தம். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டப் பிரிச்சு தூணு, நெலை, சன்னல்னு தனித்தனியா விக்கிறதப் பாக்குறப்பவும் இதே வயித்தெரிச்சல்தான், செஞ்சவங்கள யாரும் ஒரு வார்த்த கேக்குறதில்ல.

பெருசா ஒண்ணும் கேக்கலங்க. அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு வரி திருத்தம் போடுங்க, சுண்ணாம்புப் பூச்சுங்கிற எடத்துல சுதை வேலைன்னு. அந்த அரை மணி நேரத்தையும் எடுத்துருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழவாசல், மதுரை